ஒரு நட்டுக்கு மூன்று கை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வேலை ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முதுகுக்குப் பின்னால் பீப் என்று ஒரு சத்தம். திரும்பினால் தம்பி. கையில் ஸ்டாப்வாட்ச். வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன், என்னோடு ஒரே பஸ்ஸில் ஏறி நாலு சீட் தள்ளி உட்கார்ந்து வந்தவன், இங்கே என்னை யாரென்றே தெரியாத மாதிரி நிற்கிறான். "மேடம், இந்த மேசையிலருந்து ஆரம்பிக்கலாமா" என்றான். மேடமாம். இவனுக்கு எட்டு வயது வரை தலை வாரிவிட்ட மேடம்.

நடக்கப் போவதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. எங்கள் ஹாலில் பாகங்களைச் சேர்த்து கேஸ் அடுப்பு பூட்டுகிறோம். இதை மூன்று விதமாகச் செய்து பார்க்க வேண்டுமாம், விதத்துக்கு ஒரு வாரம், எங்கள் இருபத்துநாலு பேரில் அதே பன்னிரண்டு பேர். இந்த வாரம் எங்கள் வழக்கப்படி, மேசைக்கு ஒருத்தர். வெறும் தகடில் தொடங்கி பர்னர் எரிகிற வரை ஒரு அடுப்பு ஒரே கையில். அடுத்த வாரம் கட்டுக் கட்டாக: ஐம்பது அடுப்புக்கும் முதலில் வால்வு, அப்புறம் ஐம்பதுக்கும் பைப், இப்படி. மூன்றாவது வாரம் வரிசை: அடுப்பு உருளைகள் மேல் நகர்ந்து வரும், ஆளுக்கு ஒரு வேலைதான். எது தேவலை என்று ரிப்போர்ட் எழுதத்தான் முதலாளி என் தம்பியை வேலைக்கு எடுத்திருக்கிறார். பத்தொன்பது வருஷமாக இந்த ஹாலுக்குப் பொறுப்பு நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் அவன் நேரம் பார்த்தது நிதானத்தை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது, மற்றபடி எல்லோருக்கும் அவள் நிதானம்தான். பக்கத்தில் தீப்பிடித்தாலும் கையிலிருக்கிற திருகை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பதினாறு வருஷத்தில் அவள் பூட்டிய அடுப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நாற்பத்தாறு நிமிஷம் என்று குறித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான். அந்த உதட்டை அங்கேயே கிள்ளியிருப்பேன்.

மார்ச் 5, புதன்

அவனோடு பேசவில்லை. அம்மா நடுவில் உட்கார்ந்து, "அக்காகிட்ட தண்ணி கேளு", "தம்பிகிட்ட துண்ட எடுத்துக் குடு" என்று தபால் வேலை பார்க்கிறாள்.

மார்ச் 7, வெள்ளி

மேசை வாரம் முடிந்தது. ஒரு நாளைக்கு நூற்றுமுப்பது அடுப்பு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததில் நூற்றுக்கு இரண்டு கசிவு. அந்த இரண்டையும் பூட்டியவரே அங்கேயே சரி செய்தார்.

சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான். "எல்லா நட்டையும் ஒரு தடவ இறுக்கியாச்சு. அப்புறம் எதுக்கு கடைசியில சுத்தி வந்து ஆளாளுக்கு இன்னொரு அரைச் சுத்து சுத்தறீங்க? அதுலயே மூணு நிமிஷம் போகுது."

"அந்த அரைச் சுத்தாலதான் ஜனங்க நிம்மதியா சமைக்கிறாங்க. நீ சாப்பிடு."

"யார் கொண்டுவந்த வழக்கம் அது?"

"நான்."

நான் சேர்ந்த புதிதில் வாரம் ஐந்தாறு அடுப்பு கசிந்து திரும்பி வரும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத் தொடுகிறவர் ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று இறுக்கிவிட்டுத்தான் கையெடுக்க வேண்டும் என்று சொன்னேன். அதோடு நின்றது. இதற்கு எந்தப் படிப்பும் படிக்கவில்லை. இவனுக்கு இது மூன்று நிமிஷ நஷ்டம்!

மார்ச் 11, செவ்வாய்

கட்டு வாரம். ஹாலில் நடக்க வழியில்லை. பாதி பூட்டிய அடுப்புகள் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன. பைப் போடுகிறவர் வால்வுக்காகக் காத்திருக்கிறார், வால்வு போடுகிறவருக்கு வைக்க இடமில்லை. வைத்த இடத்திலிருந்து எடுத்து, எடுத்த இடத்தில் வைத்து, மறுபடி எடுத்து... இதற்குப் பேர் உற்பத்தி முறை.

மார்ச் 13, வியாழன்

இன்று மனசு குளிர்ந்தது. எங்கள் அடுப்பில் இடது பர்னர் சின்னது, வலது பெரியது. கேஸ் வருகிற ஜெட்டின் துளையும் அதற்குத் தகுந்தபடி சின்னது, பெரியது. ஜெட் போடுகிற நெட்டையன் இரண்டு டப்பாவையும் இடம் மாற்றி வைத்துக்கொண்டு, ஐம்பது அடுப்புக்கும் மாற்றிப் போட்டிருக்கிறான். கடைசியில் பற்றவைத்தபோதுதான் தெரிந்தது. சின்ன பர்னர் முகத்துக்கு நேரே சீறியது. மேசை முறையில் முதல் அடுப்பிலேயே பிடித்திருப்பான். ஒரு தப்பு ஒரு தப்போடு போயிருக்கும். இங்கே ஒரு தப்பு ஐம்பதாகப் பெருகியது.

ஐம்பதையும் பிரித்தோம். தம்பி ஒரு ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருந்தான். நான் வேண்டுமென்றே அவன் பக்கத்தில் போய், "ஸ்பெல்லிங் ஏதும் சொல்லணுமா சார்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. தப்பு நடக்காத நாட்களில் கட்டு முறையில் நூற்றைம்பது வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் வந்தது.

மார்ச் 17, திங்கள்

வரிசை.

பன்னிரண்டு இடம். இடத்துக்கு இரண்டே கால் நிமிஷம். விளக்கு பச்சையானால் அடுப்பைத் தள்ளிவிட வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கி, மாற்று ஆள் வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஐம்பது வயது மனுஷிகள் ஸ்கூல் பிள்ளை மாதிரி கையைத் தூக்குகிறார்கள்.

காலையில் தம்பி எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னான்: "அஞ்சாவது இடத்துல வால்வு நட்டு இறுக்குவாங்க. அதோட சரி. கடைசி அரைச் சுத்து கிடையாது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அத்தனை பேர் முன்னாலும்.

டீ நேரத்தில் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். இறுக்காமல் விடச் சொல்கிறாரே, கை கேட்க மாட்டேன் என்கிறதே என்றார்கள். எனக்கு இருந்த கோபத்தில், "அவன் கெடக்கறான். உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க" என்றேன்.

நிதானம் ஏழாவது இடத்தில் இருக்கிறாள், தட்டு மாட்டுகிற வேலை. அவள் முன்னால் மட்டும் அடுப்பு தேங்கிக்கொண்டே இருந்தது. "ஏழாவது இடம், கொஞ்சம் சீக்கிரம்" என்று தம்பி ஆறு தடவை சொன்னான். எண்ணினேன். அவளுக்குப் பேர் இல்லையா? இடம்தான் பேரா? மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் விரல்கள் தாமாகவே ஏதோ திருகிக்கொண்டிருந்தன.

மார்ச் 19, புதன்

இருநூறு. ஒரே நாளில் இருநூறு அடுப்பு. சோப்புத் தண்ணீரில் கசிவு ஒன்றே ஒன்று.

ஒன்றுமே எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 20, வியாழன்

வியாழக்கிழமை சூடு சோதனை. அந்த வாரத்து அடுப்பில் இருபதை எடுத்து ஒரு மணி நேரம் எரித்து, ஆறவைத்து, மறுபடி சோப்புத் தண்ணீர். நாலு வருஷமாக இதில் ஒன்றுகூடக் கசிந்ததில்லை. அதனால்தான் லாரியும் இதற்காகக் காத்திருப்பதில்லை.

இன்று இருபதில் மூன்று கசிந்தது. மூன்றும் வால்வு நட்டுப் பக்கம்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். துள்ளிக் குதிக்காத குறை. தம்பி என்னைத் தனியாக ஸ்டோர் ரூம் பக்கம் கூட்டிப் போனான்.

"வேணும்னே பண்றாங்க அக்கா."

"யாரு?"

"உன் ஆளுங்கதான். வரிசை தோத்துப்போகணும்னு நட்ட லூசா விட்டிருக்காங்க."

"பதினாறு வருஷம், இருபது வருஷம் வேல பாத்தவங்கள நீ வந்து மூணு வாரத்துல திருட்டுப் பட்டம் கட்டறியா? நேர்ல போய் சொல்லு பாக்கலாம். அந்த வாட்சைத் தூக்கி உன் மூஞ்சியிலேயே எறிவாங்க."

"நீ இதுல சந்தோஷப்படறே. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

தெரிந்தால் தெரியட்டும். என் ஜனங்கள் இருபத்துநாலு பேர். வரிசை வந்தால் அதில் எத்தனை பேர் மிச்சம் என்று அவன் வாயைத் திறந்து சொல்லமாட்டான். அதே எண்ணிக்கை அடுப்புக்குப் பதினாறு பேர் போதும். எனக்கும் வகுக்கத் தெரியும். எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பத்தான் இவ்வளவு பீப் பீப்பும். அந்த மூன்று கசிவும் இருக்கிற வரை வரிசை வராது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும்.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அந்த மூன்று அடுப்பையும் கழற்றினேன். தம்பி முகத்தில் கரி பூச ஆதாரம் தேடித்தான் கழற்றினேன். நட்டு எதுவும் லூசாக இல்லை. ஸ்பானர் போட்டு முழு பலத்தோடு திருப்பிப் பார்த்தேன், நகரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினால் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பித்தளை நட்டு விரிசல் விட்டிருக்கிறது. மூன்றிலும் அப்படித்தான். ஆறியிருக்கும்போது தெரியாது, சூடேறினால் வாய் திறக்கும். லூசாக விட்டால் இப்படி ஆகாது. அளவுக்கு மேல் இறுக்கினால்தான் ஆகும்.

போய் வரிசையின் ஓரத்தில் நின்றேன். கையை மட்டும் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது இடத்தில் நட்டை இறுக்கி அனுப்புகிறார்கள். ஏழாவது இடத்தில் நிதானம் தட்டை மாட்டிவிட்டு, போகிறபோக்கில் அந்த நட்டில் ஸ்பானர் வைத்து அரைச் சுற்று. ஒன்பதாவது இடத்து அம்மா, அவள் பங்குக்கு அரைச் சுற்று. பதினோராவது இடத்தில் நெட்டையன், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அரைச் சுற்று. ஒருத்தர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. தான்தான் கடைசிக் கை, தான் விட்டால் கசியும் என்று மூன்று பேருக்கும் நினைப்பு. மேசையில் ஒரு ஆள் ஒரு தடவை செய்ததை இங்கே மூன்று பேர் சேர்த்து ஒன்றரைச் சுற்றாக ஆக்கிவிட்டார்கள்.

யார் சொன்னது அவர்களுக்கு? நான். உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ. நான்தானே சொன்னேன்.

அப்போதுகூட முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? சும்மா இரு. இது யாருக்கும் தெரியாது. தம்பியின் வரிசை தானாகச் செத்துப் போகும். எட்டுப் பேர் பிழைப்பார்கள். இப்படி நினைத்துக்கொண்டே நிதானத்தின் பின்னால் ஒரு பத்து நிமிஷம் நின்றிருப்பேன். அவள் திரும்பி, "என்ன, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர்காரர் வந்து, திங்கள்கிழமை அடுப்பில் நாற்பது புதன்கிழமையே கடைக்குப் போய்விட்டது, மற்றதெல்லாம் ஸ்டோரில்தான் இருக்கிறது, ரசீதில் கையெழுத்து வேண்டும் என்றார்.

புதன்கிழமை. நேற்று முழுக்க நானும் அவனும் ஸ்டோர் ரூம் வாசலில் சண்டை போட்டோமே, லாரி எங்கே போனது என்று இரண்டு பேரில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? எதற்கு இந்தப் பொறுப்பு எனக்கு?

நேராகத் தம்பியிடம் போனேன். நட்டை மேசைமேல் வைத்துச் சொன்னேன். நான் சொல்லிக்கொடுத்தது உட்பட. அவன் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம். எழுந்து சட்டைப் பையில் வண்டிச் சாவி இருக்கிறதா என்று தடவிக்கொண்டே, "கடை எத்தன மணி வரைக்கும்?" என்றான்.

மார்ச் 22, சனி

கடையில் முப்பத்தேழு இருந்தது. மூன்று விற்றுவிட்டதாம். இரண்டுக்கு விலாசம் கிடைத்தது.

முதல் வீட்டில் பெட்டியே பிரிக்கவில்லை. இரண்டாவது வீடு மூன்றாவது மாடி. ஏறும்போதே கேஸ் வாடை மூக்கில் பட்டது. கதவைத் திறந்த பெண் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தம்பி உள்ளே பாய்ந்து சிலிண்டரை மூடினான்.

"ரெண்டு நாளா ஒரு மாதிரி வாடை வருது. புது அடுப்புன்னா அப்படித்தான் இருக்கும்னு சன்னலத் தெறந்து வச்சு சமைச்சேன்" என்றாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நின்றது. விஷயத்தைச் சொன்னோம். அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் கேட்டாள்: "நீங்கள்லாம் உங்க வீட்டுல எந்த அடுப்பு வச்சிருக்கீங்க?"

இதைவிடப் பெரிதாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

மூன்றாவது அடுப்பு யார் வாங்கினார்கள் என்று கடைக்காரருக்கு ஞாபகமில்லை.

மார்ச் 23, ஞாயிறு

கிடைக்கவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டில் பழம் நறுக்கி வைத்தாள். யாரும் தொடவில்லை.

மார்ச் 24, திங்கள்

கிடைத்தது. கடை வாசலில் வண்டி தள்ளுகிறவர்தான் இறக்கிக் கொடுத்தாராம். பஸ் டிப்போ பின்னால் ஒரு தையல்காரர் வீடு. பர்னர் எரிந்துகொண்டிருந்தது. நட்டில் விரிசல் இருந்தது, இன்னும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுதோமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

மார்ச் 26, புதன்

அவன் சரி செய்துவிட்டான். ஐந்தாவது இடத்தில் ஒரு புது ஸ்பானர், குறித்த அளவு வந்ததும் தானே வழுக்கிவிடும். இறுக்கியதும் நட்டில் சிவப்பு பெயின்டால் ஒரு பொட்டு. பொட்டு வைத்த நட்டை யாரும் தொடக் கூடாது. இருநூறு அடுப்பை எரித்துப் பார்த்தோம், ஒன்றும் கசியவில்லை. மேசையில் நூற்றுக்கு இரண்டு. வரிசையில் இருநூற்றுக்கு ஒன்றுமில்லை. என் கையாலேயே எழுதுகிறேன். எழுதும்போது பேனாவை முறித்துப் போடத் தோன்றுகிறது.

மார்ச் 28, வெள்ளி

முதலாளியிடம் போனேன். இந்த ரெண்டு பர்னர் தவிர நாம் செய்கிற நாலு பர்னர் அடுப்புக்கு ஆர்டர் முப்பது, நாற்பதாகத்தான் வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, அதற்கு வரிசையை மாற்றியமைத்துக்கொண்டிருந்தால் பாதி நாள் போய்விடும், ஆறு மேசையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தம்பியும் ரிப்போர்ட்டில் அதையே எழுதியிருக்கிறான். அதைப் பார்த்தபோது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

"பாருங்கம்மா, நாலு பர்னரே இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் முதலாளி. அவ்வளவுதான். மூன்று வாரம் அளந்ததும் எழுதியதும் இந்த ஒரு வரிக்கு. முதலிலேயே முடிவு செய்துவிட்டு எதற்கு இந்தக் கூத்து? கேட்டேன். அவர் போனை எடுத்து யாருக்கோ நம்பர் போட்டார்.

எட்டுப் பேர். பட்டியலை வரிசை வாரத்து வேகத்தை வைத்துப் போட்டிருக்கிறார். முதல் பெயரை யாரோ என்று பார்த்தேன். பதிவேட்டுப் பெயர் அல்லவா, சட்டென்று தெரியவில்லை. நிதானம்.

என் பெயர் இல்லை. எனக்கு வரிசைப் பொறுப்பு.

மார்ச் 31, திங்கள்

எட்டுப் பேரும் சாமான் எடுக்க வந்தார்கள். நான்தான் தம்பியிடம் போய்ச் சொன்னேன் என்பது ஹால் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒன்பதாவது இடத்து அம்மா என் காதில் விழும்படியே, "உடம்பொறப்பு விட்டுக்குடுக்குமா" என்றாள். அவள் வேலை போகவில்லை, ஆனாலும் சொன்னாள்.

நிதானம் தன் ஸ்பானர்களைத் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள். பக்கத்தில் போனேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. என் கைக்குப் பின்னாடிதானே நின்னே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

துணியை முடிந்துகொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

நாலு நாளாக அவள்மேல் கோபப்பட்டுப் பார்க்கிறேன். அவசரம் அவளுக்குத் தெரியுமா? வீடுகளுக்குப் போன அடுப்பு அவளுக்குத் தெரியுமா? அந்த நேரத்தில் ஒவ்வொருத்தரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டா போவார்கள்?

சரி. ஸ்டோர்காரர் வருவதற்கு முன்னால் பத்து நிமிஷம் இருந்ததே. அப்போது ஏன் சொல்லவில்லை?

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். சொன்னால் அவள், "வாய மூடிட்டு இரு, எங்க வேலையாவது மிஞ்சட்டும்" என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். பதினாறு வருஷம் பக்கத்தில் இருந்தவளை நான் எடைபோட்டது அப்படி. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தவன் எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று முதலிலிருந்து சொன்னேன். நட்டு, விரிசல், அவள் பின்னால் நின்ற பத்து நிமிஷம், அவள் என்ன சொல்வாள் என்று பயந்தது, அதையும். புதன்கிழமை லாரி ஏறிய நாற்பது. சன்னலைத் திறந்து வைத்துச் சமைத்த பெண். மூன்றாவது அடுப்புக்கு விலாசம் இல்லாதது.

அந்த இடத்தில் அவள் என்னை நிறுத்தினாள். எட்டுப் பேர் பட்டியலைப் பற்றிக் கேட்பாள், முதலாளியைத் திட்டுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று நின்றேன்.

"கெடைச்சுதா அது?"

"கெடைச்சுது. தையல்காரர் வீடு. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்து, நான் உள்ளே போக வழிவிட்டாள்.